சிவக்காத ரொட்டி

1

மாவைப் பிசைந்து, மேலே ஒரு துணியைப் போர்த்தி, குளிர்பெட்டியில் வைத்தாயிற்று. இரண்டு மணி நேரம் அதைத் தொந்தரவு செய்யக்கூடாது. இப்போது தொட்டால் கையில் ஒட்டும், தேய்த்தால் கிழியும். அது உறங்கி எழும்வரை எனக்கும் வேலையில்லை. இன்று மருத்துவமனையில் எனக்கு விடுமுறை. ஜன்னலுக்கு வெளியே பனி விழுகிறது. மழையாக இருந்தால் ஓட்டின் மேல் தட்டிவிட்டு வரும். இந்தப் பனிக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது. தலையைத் தூக்கிப் பார்த்தால் தெருவையே காணோம். பகல் இரண்டு மணிக்கு விளக்கைப் போட்டுவிட்டு, சமையலறை மேஜையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நாளை என் மகள் ரோஸியின் பள்ளியில் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் அன்பு வாழ்த்து அட்டை கொடுத்துக்கொள்ளும் நாள். வகுப்பில் இருபத்தாறு பேர். எந்தத் தாய் என்ன செய்து அனுப்ப வேண்டும் என்று டீச்சர் ஒரு தாள் அனுப்பியிருந்தார். என் பெயருக்கு நேரே சர்க்கரை ரொட்டி என்று போட்டிருந்தது. மெத்தென்று இருக்கும், மேலே வெண்ணெயும் சர்க்கரையும் குழைத்துப் பூசியிருக்கும். இங்கே அதற்குக் குக்கி என்று பெயர். ஒன்பது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், இன்னமும் என் வாயில் ரொட்டி என்றுதான் வருகிறது. நேற்று ரோஸி கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "அம்மா, ரொட்டி இஸ் நாட் எ வேர்ட்" என்றாள். எது சொல், எது சொல் இல்லை என்று தீர்ப்புச் சொல்ல எட்டு வயதிலேயே அவளுக்கு அதிகாரம் வந்துவிட்டது.

அந்தச் சொல் தர்மபுரி மாவட்டத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் சித்தியின் கல்யாணத்தை நிறுத்தப் பார்த்தது என்று அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். சொல்வதற்குள் அவள் தொலைக்காட்சி பார்க்கப் போய்விட்டாள். அதனால் உங்களுக்குச் சொல்கிறேன். உங்களுக்காவது ரொட்டி என்றால் என்னவென்று தெரியும்.

2

நான் பிறந்த ஊர், அரூரிலிருந்து திருவண்ணாமலை போகும் பஸ் ரோட்டில் இருக்கிறது. ஒரு மாதா கோயில், பத்துப் பன்னிரண்டு கிணறு, மற்றதெல்லாம் மானாவாரி. அப்பா ராகியும் கடலையும் போடுவார். அம்மா இறந்தபோது எனக்குப் பதினான்கு வயது, தங்கை லூர்துவுக்கு ஆறு. அவளுக்குத் தலை பின்னியது, பேன் பார்த்தது, ஜெபம் சொல்லிக்கொடுத்தது எல்லாம் நான்தான். அந்த உரிமையில்தான் பிற்பாடு எல்லா அதிகப்பிரசங்கித்தனமும் செய்தேன்.

அறுபதுகளில் எங்கள் பக்கத்தில் ரொட்டி ஒரு தின்பண்டம் இல்லை, மருந்து. டாக்டர் ஊசி போட்டுவிட்டு, "பாலும் ரொட்டியும் குடுங்க" என்று சொன்னால்தான் அது வீட்டுக்குள் வரும். அரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு ரொட்டிக் கடை. அங்கே பொட்டலம் வாங்கிக்கொண்டு ஊரில் இறங்கினால், வீடு போய்ச் சேருவதற்குள் நான்கு பேராவது வழிமறித்து, குரலைத் தாழ்த்தி, "யாருக்குங்க ஒடம்பு சரியில்ல?" என்று கேட்பார்கள். உடம்பு நன்றாக இருப்பவர்கள் களி தின்றார்கள். ஆசைக்காக ரொட்டி தின்பவர்களை, நர்ஸ் படிப்புக்காகச் சேலம் போகும்வரை நான் பார்த்ததே இல்லை.

எழுபதில் அமெரிக்காவுக்கு, இந்த ஊருக்கு வந்தேன். கல்யாணமாகி ஆறு மாதம். கையில் ஒரு பெட்டி, கக்கத்தில் என் நெஞ்சை எடுத்த எக்ஸ்ரே படம். அந்தப் பழுப்பு உறையை யாரும் தொடாமல் நான்தான் சுமந்து வர வேண்டும், இறங்கியதும் அதிகாரியிடம் காட்ட வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். காசநோய் இல்லை என்பதற்கு அது சாட்சி. வந்த நாலாம் நாள் கதவு தட்டும் சத்தம். பக்கத்து வீட்டு டோரத்தி, டெலிபோன் ஆபீஸில் வேலை பார்ப்பவள், என் வயதுதான், கையில் ஒரு தட்டோடு நிற்கிறாள். தட்டு நிறைய வட்ட வட்டமாக ரொட்டி. வெளுத்து, மெத்தென்று, மேலே வெள்ளைப் பூச்சு.

எனக்கு நெஞ்சு திக்கென்றது. ஊரில் யாரோ என்னைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டார்கள், இந்தப் பெண் சீக்காளியைப் பார்க்க வந்திருக்கிறாள் என்று முடிவு செய்துவிட்டேன். "எனக்கு ஒன்றுமில்லை. யார் சொன்னது?" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே தட்டை நீட்டினாள். நான் வாங்கவில்லை. உள்ளே ஓடிப்போய் எக்ஸ்ரே படத்தை எடுத்து வந்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு பக்கமும் சுத்தமாக இருப்பதை விரல் வைத்துக் காட்டினேன். டோரத்தி என் நுரையீரலை வெகுநேரம் மரியாதையோடு பார்த்துவிட்டு, "ரொம்ப அழகாக இருக்கிறது" என்றாள். அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதிகள்.

இந்த ரொட்டியை அவளிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன். மாவு, வெண்ணெய், சர்க்கரை, முட்டை, கொஞ்சம் புளித்த பாலேடு, ஒரு சொட்டு வனிலா. பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஓரம் சிவப்பதற்கு முன்னால் எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். வேகாத மாதிரி தெரியும், ஆனால் வெந்திருக்கும். தட்டில் கிடந்து ஆறும்போது மீதி வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். நம்ம ஊர்ச் சமையலில் பழகிய கைக்கு இது லேசில் வராது. நமக்கு எதுவும் சிவந்தால்தான் மனசு ஆறும். முதல் ஒரு வருஷம் நான் செய்ததெல்லாம் மொறுமொறு என்று உடைந்தது.

3

மாவு இன்னும் இறுகவில்லை. விரலால் அழுத்திப் பார்த்தேன், பள்ளம் விழுகிறது. வனிலா வாசனை அறை முழுக்க நிற்கிறது. கண்ணை மூடினால் எந்தச் சமையலறையில் இருக்கிறேன் என்று ஒரு கணம் தெரிவதில்லை.

என் வீட்டுக்காரர் காலையில் போய்ச் சாயந்திரம் வருவார். நான் பகல் மூன்று மணிக்குப் போனால் அவர் தூங்கின பிறகுதான் வருவேன். எதிரெதிரே போகும் இரண்டு பஸ் மாதிரி கைகாட்டிவிட்டுக் கடக்கிறோம். நல்ல ஏற்பாடுதான், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஆள் வேண்டாம். நடுவில் இரண்டு மணி நேரம் டோரத்தி பார்த்துக்கொள்வாள். ரோஸி பேசத் தொடங்கிய முதல் வாக்கியம் டோரத்தியின் வாக்கியம்.

ரோஸி பிறந்த வருஷம் அப்பாவிடமிருந்து ஒரு நீலக் கடிதம் வந்தது. லூர்துவுக்கு இருமல் நிற்கவில்லை, தர்மபுரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள், நெஞ்சில் இருக்கிறது என்று எழுதியிருந்தார். நோயின் பெயரை எழுதவில்லை. எழுதாமலே எனக்குத் தெரிந்தது. பதினெட்டு மாதம் ஊசியும் மாத்திரையும். அப்பா ஒன்றுவிட்டு ஒரு நாள் பஸ் ஏறி அரூர் போய் ரொட்டி வாங்கி வந்தார். வழியில் கேட்டவர்களிடம், "எனக்குத்தாங்க, வயிறு சரியில்ல" என்று சொன்னாராம். ஊரே அவர் வயிற்றுக்காகப் பரிதாபப்பட்டது. நான் இங்கே வார்டில் முன்பின் தெரியாதவர்களுக்குத் தலையணை சரிசெய்துகொண்டிருந்தேன்.

குணமாகிவிட்டது. முழுக்கக் குணமாகிவிட்டது. கடைசிப் படத்தை அப்பா தபாலில் அனுப்பினார், எங்கள் டாக்டரிடம் காட்டினேன், அவரும் சொன்னார். உடனே அப்பாவுக்கு எழுதினேன்: இனி இதை யாரிடமும் பேச வேண்டாம், குணமான நோய் நோயே இல்லை, நாளைக்கு வரப்போகும் மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லவே கூடாது. நர்ஸ் சொல்கிறேன் என்று அடிக்கோடு வேறு போட்டேன். அந்தக் கோடு போட்ட கையால்தான் இங்கே ஒவ்வொரு வருஷமும், மருத்துவமனை ஊழியர்களுக்குக் கொடுக்கும் தாளில், குடும்பத்தில் யாருக்காவது காசநோய் உண்டா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதினேன்.

4

எழுபத்தைந்தில், மாமரம் பூத்திருந்த மாதத்தில், லூர்துவுக்கு ஒரு இடம் வந்தது. எங்கள் மாதா கோயிலில் ஜெபம் சொல்லித்தரும் உபதேசியார் கொண்டுவந்த சம்பந்தம். பையன் அந்தோணி, பென்னாகரத்துப் பக்கம், பள்ளிக்கூட வாத்தியார். அப்பா இல்லை, அம்மா மட்டும். கொஞ்சம் நிலம், மாடு. நம்ம கோயில்காரர்கள், நல்ல மாதிரி என்று அப்பா எழுதினார். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு நான்கு வயது ரோஸியோடு புறப்பட்டேன். பெட்டியில் ஒரு சின்னப் புட்டி வனிலா.

அந்தப் புட்டி மீனம்பாக்கத்தில் மாட்டிக்கொண்டது. அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் படித்தார்.

"என்னம்மா இது, ஆல்கஹால்னு போட்டிருக்கே. இங்க மதுவிலக்கு தெரியுமில்ல?"

"சாராயம் இல்ல சார். பலகாரத்துக்கு வாசனை."

"வாசனைக்குன்னுதான் எல்லாரும் கொண்டாராங்க."

மூடியைத் திறந்து முகர்ந்தார். ஒரு மாதிரி ஆகி, இன்னொரு முறை முகர்ந்தார். பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டார். அவர் முகர்ந்து, மூன்றாமவரிடம் கொடுத்தார். சுங்கக் கூடத்தின் வேர்வை நாற்றத்துக்கு நடுவே அந்த வாசனை மெல்ல எழுந்து, மின்விசிறிக்குக் கீழே சுற்றியது. மூன்று பெரிய மனிதர்களும் மூக்கை உயர்த்திக்கொண்டு நின்றார்கள். பிறகு முதல் அதிகாரி எந்தப் பாரத்தில் இதை எழுதுவது என்று தேடினார். மருந்துப் பாரத்தில் இடமில்லை, மதுப் பாரத்தில் எழுத மனசில்லை. கடைசியில், "சட்னு எடுத்துட்டுப் போம்மா" என்றார்.

5

பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் கேசரியும் பஜ்ஜியும் போதும் என்று அப்பா சொன்னார். நான் கேட்கவில்லை. அமெரிக்காவில் அக்கா இருக்கிறாள் என்பது தட்டிலேயே தெரிய வேண்டும் என்று எனக்கு ஆசை. உள்ளதைச் சொல்வதற்கென்ன, அது லூர்துவுக்காக வந்த ஆசை இல்லை.

வீட்டில் அடுப்புதான் உண்டு, ரொட்டி சுடுகிற பெட்டி ஏது? அகலமான அலுமினிய அண்டாவில் மூன்று விரல் உயரத்துக்கு ஆற்று மணலைப் பரப்பினேன். மேலே ஓட்டுத்துண்டு, அதன் மேல் தகரத் தட்டு. மூடிக்கு மேலே தணலை வாரிப் போட்டால் மேலும் கீழும் சூடு. எருமை வெண்ணெய், சொந்தக் கோழி முட்டை, புளித்த பாலேட்டுக்குப் பதில் ஆடைத் தயிர், அரூர் மளிகைக் கடை மைதா, ஆப்ப சோடா. சர்க்கரையை அம்மியில் நுணுக்கி மெல்லிய துணியில் சலித்தேன். பூச்சுக்குப் போடக் கலர் பொடி கிடைக்கவில்லை. வெள்ளையாகவே விட்டேன்.

முதல் இரண்டு தட்டு கருகிப் போனது. மூன்றாவது தட்டு, சொன்னால் நம்ப மாட்டீர்கள், டோரத்தியின் வீட்டில் வருவது போலவே வந்தது. மூடியைத் திறந்ததும் வெந்த வெண்ணெயும் வனிலாவும் வெளியே வாசலில் உதிர்ந்து கிடந்த மாம்பூ வாசனையோடு கலந்தது. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கோழிகள்கூடக் கொஞ்ச நேரம் கிளறாமல் நின்ற மாதிரி எனக்கு ஒரு நினைப்பு. அந்த ஒரு நிமிஷம் எனக்கு இரண்டு ஊர் இல்லை, ஒரே ஊர்தான்.

லூர்து பக்கத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்து பார்த்தாள். ஒன்றை எடுத்து அவள் வாயருகே கொண்டுபோனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எனக்கு வேணாங்க்கா. ஒன்றர வருசம் தின்னாச்சு."

"அது வேற, இது வேற புள்ள. இது பண்டிகைக்குச் செய்யறது."

"பாக்க அதே மாதிரிதான் இருக்குது." ஒரு குச்சியால் மூடித் தணலைத் தள்ளிவிட்டாள். "அவங்ககிட்ட சொல்லிடலாங்க்கா."

"என்னத்த?"

"எனக்கு இருந்தத."

"சொன்னா நாளைக்கு வருவாங்களா?"

"சொல்லாம வந்தா யாரப் பாத்துட்டுப் போவாங்க?" என்றாள்.

நான் அவள் வாயைப் பொத்தாத குறை. நோய் போய்விட்டது, போனதைத் திரும்பக் கூப்பிடாதே என்று அதட்டினேன். அப்பாவும் என் பக்கம்தான். லூர்து எழுந்துபோய்த் தண்ணீர் இறைக்கத் தொடங்கினாள். குடம் நிரம்பி வழிந்த பிறகும் இறைத்துக்கொண்டே இருந்தாள்.

6

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து பதினொரு மணிக்கு வந்தார்கள். உபதேசியார், மாப்பிள்ளை அந்தோணி, அவருடைய அம்மா. அந்த அம்மாளுக்கு ஒல்லியான உடம்பு, வெள்ளைச் சேலை, காதில் ஒன்றுமில்லை. உட்காரும் முன் மாதா படத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. என்னையும் அவருக்குப் பிடிக்க வேண்டும் என்று தட்டை நானே கொண்டுபோய் நடுவில் வைத்தேன். வெள்ளைத் துணி விரித்து, வரிசையாக அடுக்கி, பன்னிரண்டு ரொட்டி.

மாப்பிள்ளை ஒன்றை எடுத்துத் தின்றார், உடனே இரண்டாவதையும் எடுத்தார். அந்த அம்மா எடுக்கவில்லை. தட்டைப் பார்த்தார், வீட்டைச் சுற்றிப் பார்த்தார், உள் அறைப் பக்கம் பார்த்தார். பிறகு அப்பாவின் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி, உண்மையான கரிசனத்தோடு கேட்டார்.

"வூட்ல யாருக்குங்க ஒடம்பு சரியில்ல?"

ரொட்டி என்றால் என்னவென்று நான் மறந்திருந்தேன். ஐந்து வருஷத்தில் மறந்திருந்தேன். பக்கத்து வீட்டுக்காரி தட்டை நீட்டியபோது எனக்குத் திக்கென்ற அதே விஷயத்தை நானே சமைத்து, வெள்ளைத் துணியில் வைத்து நீட்டியிருக்கிறேன். அப்பாவின் முகம் போன போக்கைப் பார்த்துப் பயந்து நான் முந்திக்கொண்டேன்.

"யாருக்கும் இல்லீங்க. இது அமெரிக்காவுல விசேசத்துக்குச் செய்யற பலகாரம். நம்ம வூட்ல யாரும் ஒரு தலவலின்னு படுத்ததில்லீங்க. நானே நர்ஸு, எனக்குத் தெரியாதுங்களா?"

"அப்டீங்களா. நல்லதுங்க. ரொட்டியப் பாத்ததும் மனசு பதறிடுச்சு, அதாங்க கேட்டேன்" என்று அந்த அம்மா ஒன்றை எடுத்துக்கொண்டார். விஷயம் அதோடு முடிந்தது. முடிந்தே விட்டது.

அப்போது லூர்து காப்பித் தட்டோடு கதவுக்குள்ளிருந்து வந்தாள். எல்லோருக்கும் கொடுத்தாள். கொடுத்துவிட்டு உள்ளே போக வேண்டியவள் போகவில்லை.

"எனக்குத்தாங்க இருந்துச்சு" என்றாள்.

யாருக்கும் புரியவில்லை. எனக்கும் அப்பாவுக்கும் மட்டும் புரிந்தது.

"நெஞ்சுல சீக்குங்க. டீப்பி. பதினெட்டு மாசம் ஊசி போட்டாங்க. நல்லாயிடுச்சுன்னு நிறுத்தி ரெண்டு வருசமாச்சுங்க. அக்கா ஊர்ல இல்ல, அப்பாதாங்க பாத்துகிட்டாரு."

பஸ் நேரம் சொல்கிற மாதிரி சொன்னாள். அதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது. உபதேசியார் காப்பியை ஊதிக்கொண்டே இருந்தார். மாப்பிள்ளை மெல்வதை நிறுத்திவிட்டு, "இப்ப மாத்திர ஏதும் சாப்புடறீங்களா?" என்று கேட்டார். பார்க்க வந்த பெண்ணிடம் 'ங்க' போட்டுப் பேசிய ஒரே மாப்பிள்ளையை அன்றுதான் பார்த்தேன்.

"இல்லீங்க" என்றாள் லூர்து.

அந்த அம்மா கையில் இருந்த ரொட்டியைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார், ரொம்ப நேரம். பிறகு எழுந்து, "சொல்லி அனுப்பறோங்க" என்றார். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று பெண்ணைப் பெற்ற எந்த வீட்டுக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

7

அவர்கள் போன பிறகு நான் கத்தியதை எழுத வெட்கமாக இருக்கிறது. கெடுத்துட்டியே, இனி யார் வருவா, உனக்காகத்தானே அவ்வளவு தூரம் வந்தேன் என்றெல்லாம் கத்தினேன். லூர்து டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாள். முடித்துவிட்டு, "எனக்குச் சீக்கு வந்தது உனக்கு வெக்கமாங்க்கா?" என்று கேட்டாள்.

சண்டைக்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். வெட்கம்தான். பயமும்தான். சீக்காளி வீட்டிலிருந்து வந்தவள் என்று யாராவது சொல்லிவிடுவார்கள் என்று ஒவ்வொரு தாளிலும் பொய் எழுதியவள் நான். அவள் பதினெட்டு மாதம் படுக்கையில் கிடந்து பயத்தை எல்லாம் தீர்த்துவிட்டாள். நான் ஆரோக்கியமாக இருந்து பயந்துகொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் தவக்காலம் தொடங்கியது. நாற்பது நாள் கோயில்காரர்கள் யாரும் கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டார்கள். ஆகவே பென்னாகரத்திலிருந்து ஆள் வராததற்குத் தவக்காலம் காரணமா, இல்லை ரொட்டி காரணமா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அப்பா தவக்காலம் என்று நம்பினார். நான் விடுப்பு முடிந்து பஸ் ஏறும்போது லூர்து ரோஸியின் தலையை வாரிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டாள். கோபத்தில் நான் அழுத்திப் பிடிக்கவில்லை.

ஈஸ்டர் கழிந்து கடிதம் வந்தது. உபதேசியார் மூலம் பென்னாகரத்து அம்மா சொல்லி அனுப்பியதை அப்பா ஓர் எழுத்துக் குறைக்காமல் எழுதியிருந்தார். பொண்ணு பிடிச்சிருக்கு. கேக்காமயே நெசத்தச் சொன்ன வாயி எங்க வூட்டுக்கு வேணும். எங்க வூட்டுக்காரரும் இதே சீக்குலதான் போனாரு, அவரு வூட்டாளுங்க எங்ககிட்ட கடைசிவரைக்கும் மறைச்சாங்க, மறைச்சதாலதான் போனாரு. வைகாசியில வெச்சுக்கலாம். ஒண்ணே ஒண்ணு, கல்யாணப் பேச்சுக்கு அந்த அமெரிக்காக்காரப் பொண்ணு வேணாம். அது சொல்றதுல எது நெசம் எது பொய்யின்னு எனக்குத் தெரியல.

இதே மேஜையில் உட்கார்ந்துதான் படித்தேன். முதலில் சிரித்தேன். பிறகு மடியில் இருந்த ரோஸி என் முகத்தைத் துடைத்துவிட்டாள். அந்த அம்மா சொன்னதில் தவறில்லை. வைகாசியில் கல்யாணம் நடந்தது. எனக்கு விடுப்பு இல்லை என்று எழுதினேன். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். நான் கேட்கவில்லை.

8

மாவு எழுந்துவிட்டது. அரை அங்குலக் கனத்துக்குத் தேய்த்து, டம்ளர் வாயால் வட்ட வட்டமாக வெட்டினேன். முதல் தட்டு உள்ளே போயிருக்கிறது. எட்டு நிமிஷம். அடுப்புக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். ரோஸி பள்ளியிலிருந்து வந்து பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு, என்ன எழுதுகிறாய் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். சித்தியைப் பற்றி என்றேன். எந்தச் சித்தி என்றாள்.

போன கோடையில் அவளை அழைத்துக்கொண்டு பென்னாகரம் போனதைக்கூட அவள் மறந்திருக்கலாம். கல்யாணத்துக்குப் பிறகு நான் லூர்துவைப் பார்த்தது அப்போதுதான். இரண்டு வயதில் ஒரு பையன், இடுப்பில். உடம்பு பூசினாற்போல் இருந்தாள். அந்தோணி என்னைப் பார்த்ததும், "அந்த ரொட்டி கொண்டாரலீங்களா?" என்று கேட்டார். ரோஸி கட்டிலில் உட்கார்ந்து புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். யார் பேசினாலும் நிமிரவில்லை.

அந்தோணியின் அம்மா கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தவர் கை கழுவிக்கொண்டு வந்தார்.

"வர வழியில சாப்டீங்களா?"

"சாப்டோங்க" என்றேன்.

அவர் லூர்துவின் பக்கம் திரும்பினார். "நெசமா?"

லூர்து ரோஸியின் வாடிய முகத்தைப் பார்த்துவிட்டு, "இல்லீங்கத்த" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. நிஜமாகவே பஸ்ஸில் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. களியும் கீரைக் குழம்பும் போட்டார்கள். ரோஸி தொடவில்லை, நான் இரண்டு உருண்டை சாப்பிட்டேன். சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது அந்த அம்மா என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"அங்க எப்டி இருக்கீங்க?"

"ரொம்ப நல்லா இருக்கோங்க. ஒரு கொறையும் இல்ல. பெரிய வூடு, காரு, இவ நல்ல பள்ளிக்கூடத்துல படிக்கறா."

ஊருக்கு வந்ததிலிருந்து பத்துப் பதினைந்து பேரிடம் சொன்னது. சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிவிட்டது. எல்லோரும் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போனார்கள். இந்த அம்மா போகவில்லை. மறுபடியும் மருமகளின் பக்கம் திரும்பினார்.

"நெசமா?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. லூர்து பையனை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டாள். என் முகத்தை ஒருமுறை பார்த்தாள், சின்ன வயதில் நான் அவள் தலையில் பேன் பார்க்கும்போது அண்ணாந்து பார்ப்பாளே, அப்படி.

"இல்லீங்கத்த" என்றாள்.

மறுக்க வாயைத் திறந்தேன். கட்டிலில் ரோஸி பக்கத்தைத் திருப்புகிற சத்தம் மட்டும் கேட்டது. பென்னாகரத்து அம்மா கோபிக்கவில்லை, பரிதாபப்படவும் இல்லை. சுவரோரம் நின்ற முறத்தை நகர்த்தி இடம் பண்ணிவிட்டு, பக்கத்தில் தரையைத் தட்டினார்.

"இப்பிடி வந்து ஒக்காரு கண்ணு. இப்ப சொல்லு."

எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. என் மகளுக்கு என் பேச்சு புரிவதில்லை என்பதிலிருந்து தொடங்கினேன்.